பேட்டரி மாற்றும்போது எரிந்த சிவப்பு விளக்கு

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில், மேற்கிலிருந்து புழுதிக் காற்று, மழைக்கு அறிகுறி இல்லை. உள்ளே ஏ.சி. போட்ட அறையில் இருபத்து மூன்று டிகிரி. அவனியாபுரத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், முப்பத்தோரு வயதான மல்டிமீட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது கையில் சால்டரிங் அயர்ன். இடது பக்கம் இருந்த பவர் சப்ளையில் 3.00 என்று நின்றிருந்த எண் 0.00 ஆனது. அதற்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் ஒரு டிரான்ஸ்பார்மரைப் புகைய விட்டேன். என் மேலதிகாரி வந்து பார்த்தார். ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தப்பு நடந்தா மொதல்ல கடிகாரத்தைப் பாரு. அப்புறமா பயப்படு" என்றார். ஐந்து நிமிடம் போனால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதையே மனம் தனக்கு வசதியாக மாற்றி அடுக்கிவிடும். நேரத்தைக் குறித்துவிட்டால் அப்படி மாற்ற முடியாது. அதற்குத்தான் சொன்னார் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துப் புரிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால், எதற்கு இவ்வளவு பதற்றம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய அளவுக் கருவிகள் பலவற்றில் உள்ளே ஒரு சின்ன பேட்டரியை போர்டோடு சேர்த்து சால்டர் செய்திருப்பார்கள். கருவியை அணைத்து வைத்திருக்கும்போதும் ஒரு மெமரிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த பேட்டரிதான். அந்த மெமரியில் கருவியின் திருத்த எண்கள் இருக்கும். இந்த மீட்டர் எவ்வளவு கூடுதலாகக் காட்டும், எவ்வளவு குறைவாகக் காட்டும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. செய்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் இதை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நாம் முப்பது வருடம் வைத்திருக்கிறோம். பேட்டரி தீர்ந்தால் எண்கள் போகும். தீருவதற்கு முன் மாற்றப் போனால், மாற்றுகிற அந்த நேரத்தில் மெமரிக்கு மின்சாரம் ஒரு கணம் நின்றாலும் போகும். சில கருவிகளில் எண்களை முன்கூட்டியே கணினிக்கு எடுத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வழி இருந்தால் எடுத்துவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும். இந்த மீட்டரில் அந்த வழி இல்லை.

மீட்டர் லலிதாவுடையது. நாற்பத்திரண்டு வயது, படித்த இன்ஜினியர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். மற்றவர்களுடைய மீட்டர்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் சின்ன லேப் ஒன்றை அந்த மாடியில் நடத்துகிறார். அவரையும் சேர்த்து நான்கு பேர். ஸ்பின்னிங் மில் பேனல்களில் இருக்கும் மீட்டரிலிருந்து, மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் கிரேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரின் மீட்டர் வரை அங்கே வரும். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த ஒரு மீட்டரோடுதான். லேபுக்கே இதுதான் தலைமைச் சாட்சி.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து லேபைப் பரிசோதித்து அங்கீகாரத்தைப் புதுப்பிப்பார். அந்த ஆய்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. சரியாக ஆறு நாள் இருந்தது. இந்த நிலையில்தான் மீட்டர் திரையில் பேட்டரி குறைகிறது என்று எச்சரிக்கை வர ஆரம்பித்திருந்தது. லலிதா என்னை போனில் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "சார், ஆய்வாளர் முன்னாடி அந்த வார்த்தை மின்னுச்சுன்னா எனக்கு அசிங்கமாப் போயிரும். நீங்கதான் பதினாறு மீட்டருக்கு மாத்தியிருக்கேன்னு சொன்னீங்க."

பதினாறு இல்லை, பத்தொன்பது. திருத்தினேன். அந்தப் பத்தொன்பதில் ஒன்றில்கூட மெமரி போனதில்லை என்பதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

லேபில் என்னோடு உட்கார்ந்தவர் சிக்கந்தர். லலிதாவின் டெக்னீஷியன், நாற்பது வயதைத் தாண்டியவர், காஜிமார் தெருப் பக்கம் வீடு. நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒப்பந்தத்தில் ஆறு வருடம் இருந்தவர் என்பதால் எங்களுக்குள் பேச்சு தாராளமாக இருக்கும். பேட்டரியைக் கழற்றும் நேரத்தில் மெமரிக்கு வேறொரு மூன்று வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நான் வீட்டிலிருந்து என்னுடைய பவர் சப்ளையை ஆட்டோவில் எடுத்து வந்திருந்தேன். ஏழு கிலோ. சிக்கந்தர் அதைப் பார்த்தார்.

"எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய சப்ளை? ரெண்டு பென்சில் பேட்டரிய டேப் சுத்தி வயர் இழுத்து விட்டா முடிஞ்சுபோச்சு."

"அது எம்புட்டு வோல்ட் குடுக்கும்னு உனக்குத் தெரியுமா மாப்ள?"

"மூணு குடுக்கும்."

"மூணா, மூணே காலா?"

"மூணே காலா இருந்தா என்ன, வாங்கிக்கிட்டுப் போகட்டும். ஒங்களுக்குப் பொண்ணு குடுத்தவுக நெலமையத்தான் யோசிச்சுப் பாக்கேன்."

நான் சிரிக்கவில்லை. என் சப்ளையில் எண் தெரியும். எவ்வளவு வோல்ட் போகிறது, எவ்வளவு கரண்ட் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எண் தெரியாத ஒன்றை போர்டில் இணைக்க எனக்கு மனம் வராது. அது என் பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. எர்த் கொடுக்காத சால்டரிங் அயர்னை நான் முப்பத்து மூன்று வருடத்தில் தொட்டதில்லை. எர்த் இல்லாத அயர்னின் நுனியிலிருந்து கசியும் கரண்ட் நுட்பமான சிப்புகளைக் கொன்றுவிடும். இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. சிக்கந்தரையும் திட்டியிருக்கிறேன்.

இரண்டும் நல்ல பழக்கங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இன்றைக்கும் அவற்றில் தவறு சொல்ல மாட்டேன். என் பவர் சப்ளையின் முகப்பில் மைனஸ் முனையையும் எர்த் முனையையும் சேர்த்து ஒரு பித்தளைத் தகடு திருகப்பட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. அதனால் மெமரிக்குப் போகும் மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருந்தது. அயர்னின் நுனியும் எர்த்தோடு சேர்ந்திருந்தது. பேட்டரியின் மைனஸ் காலை முதலில் கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து அயர்னை ப்ளஸ் காலில் வைத்தேன். ப்ளஸ்ஸும் மைனஸும் என் கையிலிருந்த அயர்ன் வழியாகவே சேர்ந்துகொண்டன. இப்படி ஷார்ட் ஆனால் சப்ளை வோல்ட்டை இறக்கிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடும். சிக்கந்தர் சொன்ன பென்சில் பேட்டரிக்கு எர்த் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதை வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஈயம் உருகுகிறதா என்று மூக்குக்கண்ணாடி வழியாக அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால், விளக்கைப் பார்க்க எனக்கு மூன்று விநாடி ஆனது. அயர்னை எடுத்தேன். எண் திரும்பவும் 3.00 ஆனது. விளக்கு அணைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அண்ணே, செவப்பு எரிஞ்சுச்சுல்ல?" என்றார் சிக்கந்தர்.

"எரிஞ்சுச்சு."

"எம்புட்டு நேரம்?"

"மூணு செகண்டு. நாலு இருக்கும்."

"மெமரி போயிருக்குமா?"

"தெரியல."

உண்மையிலேயே தெரியவில்லை. மெமரியின் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. அதில் மிச்சமிருந்த கரண்ட் நான்கு விநாடிக்குத் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். எண்கள் முழுதாகப் போகாமல் சில மட்டும் மாறியும் இருக்கலாம். கருவியைப் போட்டுப் பார்த்தால் ஏதாவது தெரியும். உடனே போட்டுப் பார்க்கத்தான் கை போனது.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அப்போது பேட்டரியின் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. வெளியிலிருந்து வந்த வயர் இரண்டும் க்ளிப்பில் தொங்குகிறது. அந்த நிலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் தீரும், புதிதாக ஒன்று கெடவும் வழி உண்டாகும். முதல் தவறுக்கு எனக்கு மூன்று விநாடி ஆனது. இரண்டாவது தவறுக்கு அவ்வளவுகூட ஆகாது. அயர்னை ஸ்டாண்டில் வைத்தேன். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சிக்கந்தர் பொறுமை இழந்து, "தியானமாண்ணே?" என்று கேட்டார். பிறகுதான் யோசித்து அந்தப் பித்தளைத் தகட்டைக் கண்டுபிடித்தேன். அதைக் கழற்றிவிட்டு, எர்த்துக்கும் மைனஸுக்கும் தொடர்பு இல்லை என்பதை அளந்து பார்த்துவிட்டு, மீதி வேலையை முடித்தேன். அப்போது மணி பதினொன்று இருபத்தாறு.

மீட்டரைப் போட்டோம். தன்னையே சோதித்துக்கொண்டு, எந்தப் பிழையும் காட்டாமல், ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. பேட்டரி எச்சரிக்கையும் இல்லை. லேபில் இருந்த, மாறாமல் பத்து வோல்ட் கொடுக்கும் டி.சி. ஆதாரத்தை வைத்துப் பார்த்தோம். காலையில் நான் எழுதி வைத்திருந்த அதே எண். ரெசிஸ்டன்ஸுக்கு இருந்த இரண்டு ஆதாரங்களையும் வைத்துப் பார்த்தோம். அதுவும் சரி.

"அல்லா காப்பாத்திட்டான்" என்றார் சிக்கந்தர். "ஒண்ணும் ஆகலண்ணே. டீ சொல்லிட்டு வாரேன்."

"ஏ.சி. வோல்டேஜ் பாக்கலையே."

"எத வச்சுப் பாப்பீக? நம்மகிட்ட இருக்கிற பெரிய ஏ.சி. மீட்டரே இதுதான்."

அதுதான் சிக்கல். அந்த லேபில் இருந்த ஏ.சி. கருவிகள் எல்லாமே இந்த மீட்டரைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டவை. அவற்றுக்கும் இதற்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மீட்டர் தன்னைச் சோதித்துக்கொள்ளும்போது ஏ.சி. எண்களையும் சேர்த்துப் பார்க்கிறதா என்றால், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தேடிப் பார்த்தேன், இருநூற்று எட்டுப் பக்கம்.

சிக்கந்தர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்த வெளக்க ஒங்களத் தவிர வேற யாரும் பாக்கல."

"நீ பாத்தியே."

"எனக்குக் கண்ணு மங்கல்ணே. செவப்பு, பச்சையெல்லாம் ஒண்ணுபோலத் தெரியும். ஆறு நாள்ல ஆய்வு இருக்கு. நாலு குடும்பம் இந்த மாடிய நம்பி இருக்கு. யோசிச்சுக்கோங்க."

நான் யோசித்தேன். வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை கொடுப்பது என் வழக்கம். கருவியின் எண், செய்த வேலை, போட்ட பேட்டரி, பிறகு 'பணியின்போது நிகழ்ந்தவை' என்று ஒரு கட்டம். இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நம்மில் பலர் செய்வதுதான். அந்த அட்டையை நான் வேலை முடிந்தபின் எழுதுவதில்லை. வீட்டிலேயே, முந்தைய நாளே எழுதி வைத்துவிடுவேன். கடைசிக் கட்டத்தில் 'ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். பத்தொன்பது அட்டையிலும் அப்படித்தான். இருபதாவது அட்டை என் சட்டைப் பையில், அழகான கையெழுத்தில், தயாராக இருந்தது. நான் பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே எழுதிய ஒன்றை எடுத்து நீட்டினால் போதும்.

வெளியே எடுத்துப் பார்த்தேன். என் நேர்மையைப் பற்றி நானே பெரிதாகச் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. எனக்கு இருந்தது பயம். அந்த ஏ.சி. எண் ஒரு சதவீதம் தவறாக இருந்து, அதை நம்பி எங்கோ ஒரு மில்லில் மோட்டாரைக் காக்கும் ஒரு ரிலேயைச் சரிசெய்து, அங்கே மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கருகினால், அது யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் மோட்டார் எரிந்தது என்று எப்போது கேள்விப்பட்டாலும் நான் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். 'ஏதும் இல்லை'யை அடித்தேன். 'காலை 10.40க்கு மெமரி மின்சாரம் 3 முதல் 4 விநாடி நின்றது' என்று எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

லலிதா அடுத்த அறையில் ஆய்வுக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா சார்?"

"பேட்டரி மாத்தியாச்சு. பத்து நாப்பதுக்கு மெமரிக்குப் போற சப்ளை மூணு நாலு செகண்டு நின்னுபோச்சும்மா. என் தப்பு. டி.சி.யும் ரெசிஸ்டன்ஸும் பாத்தாச்சு, பழையபடியே இருக்கு. ஏ.சி. பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நடையிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எர்த், தகடு, அயர்ன் கதையெல்லாம் பிறகு. விளக்கத்தை முதலில் ஆரம்பித்தால் தப்பு எங்கோ நடுவில் ஒளிந்துகொள்ளும்.

"எரர் வந்துச்சா?"

"வரல."

"அப்ப நல்லா இருக்குன்னுதான அர்த்தம்?"

"இருக்கலாம்."

"இருக்கா, இருக்கலாமா?"

"இருக்கலாம்."

கோப்பை மூடி வைத்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார், அதற்குப் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்டது வேறு.

"இத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்ல சார்?"

அடித்து எழுதிய அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"இப்ப சொல்லிட்டீங்க. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு செவ்வாக்கெழம அந்த ஆள் முன்னாடி நான் எப்படி உக்காந்து பேசுவேன்?"

கணவருக்கு போன் போட்டு சௌராஷ்டிரத்தில் நீளமாகப் பேசினார். எனக்கு அந்த மொழி தெரியாது. 'ஏ.சி.' என்ற வார்த்தை நான்கு முறையும் 'சார்' என்ற வார்த்தை இரண்டு முறையும் வந்தன. சிக்கந்தர் டீயோடு வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது, "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மேடம், நானும் பாத்தேன்" என்றார். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

லலிதா முடிவெடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு ஏ.சி. அளவுகளை மட்டும் பட்டியலிலிருந்து தானாகவே விலக்கிக்கொள்வதாக அன்றே ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். என் அட்டையின் நகலையும் இணைத்தார். மீதி எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அந்த லேபின் வேலையில் பாதி ஏ.சி. வேலை. மீட்டரைப் பெரிய லேபுக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கும்வரை அந்தப் பாதி நின்றது.

பெரிய லேப் கோயம்புத்தூரில். பார்சலில் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. கொண்டுபோவதும் வருவதும் அவர்கள் கட்டணமும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். லலிதா மறுக்கவில்லை. மறுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போகும் பகல் பஸ்ஸில் இரண்டு இருக்கை எடுத்தேன், ஜன்னலோரம் மீட்டருக்கு. பதிவு செய்யும்போது இரண்டாவது பயணியின் பெயர் கேட்டார்கள். என் மனைவியின் பெயரைப் போட்டேன். வயது முப்பத்தொன்று என்று போட்டேன், மீட்டருடைய வயது. கண்டக்டர் பட்டியலைப் பார்த்தார்.

"அம்மா எங்க சார்?"

"இந்தா உக்காந்திருக்குல்ல" என்று பெட்டியைக் காட்டினேன்.

பெட்டியையும் என்னையும் பார்த்தார். "பெல்ட் போட்டுவிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். போட்டுத்தான் இருந்தேன்.

அங்கே வரிசை நீளம். ஐந்து வாரம் ஆனது. அதற்குள் லலிதாவின் ஏ.சி. வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு மில்கள் வேறு லேபுக்குப் போய்விட்டன. ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று இன்றுவரை வரவில்லை. அந்தக் கணக்கை லலிதா என்னிடம் சொல்லவில்லை. சிக்கந்தரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூலைக் கடைசியில் மீட்டரையும் அறிக்கையையும் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தேன். வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டேன், நான்கு முறை. ஏ.சி.யில் இருபத்தாறு அளவுகள் பார்த்திருந்தார்கள். இருபத்தாறும் இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கையோடு ஒத்துப்போயின. கெப்பாசிட்டர் தாங்கியிருக்கிறது. ஓர் எண்கூட மாறவில்லை.

லலிதா கடைசிப் பக்கம் வரை படித்தார். திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார்.

"அப்ப அன்னைக்கு ஒண்ணுமே ஆகல."

"ஆகலம்மா."

"நீங்க சொல்லாம இருந்திருந்தாலும் இதேதான்."

"இதேதான்."

அறிக்கையைக் கோப்பில் போட்டுத் துளையிட்டு மாட்டினார். அதற்கு முன்னால் என் அட்டை இருந்தது, அடித்த வரியோடு. அதை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. "ஸ்டோர்ல இன்னொரு மீட்டர் இருக்கு சார். அதுக்கும் பேட்டரி மாத்தணும். எப்ப வாரீங்க?" என்றார். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

நீங்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், மீட்டர் நன்றாகத்தானே இருந்தது, பிறகு எதற்கு இவ்வளவு என்று. நன்றாக இருந்தது என்பது ஜூலைக் கடைசியில் தெரிந்த விஷயம். ஜூன் 14 அன்று அது யாருக்கும் தெரியாது. நாம் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது தெரிந்ததற்கு மட்டும்தான்.

அந்த லேபின் கட்டணம், அதற்கு வரி, பஸ்ஸில் ஆறு இருக்கை, மீட்டர் கூட இருந்தபோது பிடித்த நான்கு ஆட்டோ, பெட்டிக்குள் வைத்த பஞ்சு. மீட்டர் இல்லாத நாட்களில் டவுன் பஸ்ஸில் போனதைச் சேர்க்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.